பென்சில் மட்டும்

பலகைக்கு எழுத்துச் சொன்னவன் நான்தான்.
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.
காப்லி க்ரீக் வரலாற்றுச் சங்கத்தின் பொருளாளர்,
கணக்கில் ஒரு சென்ட் பிசகாதவன்,
பித்தளையில் ஓர் எழுத்தைத் தொலைத்தேன்.
பென்ஹாலிகன் என்றிருக்க வேண்டியது
பென்ஹாலியன் என்று வந்துவிட்டது.

அவெரில் பென்ஹாலியன்,
முப்பத்தொரு வருட சேவைக்காக.

பழைய தபால் நிலையம்தான் சங்கம்.
தகரக் கூரையில் மழை இறங்கினால்
பேச்சு எடுபடாது;
அவெரில் எழுத உட்கார்ந்துவிடுவார்.
டாஸ்மேனியாவின் இந்த மூலையில்
மழை ஓய்வது அபூர்வம்.
ஆகவே நிறைய எழுதினார்.

எந்தச் சொட்டுக்கு எந்த வாளி என்று
எண்ணிட்ட அட்டவணை உண்டு.
கதவருகே ஒரு பிஸ்கட் டப்பா:
வருகிறவர் யாரானாலும்
பேனாவை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே.
மேயர் ஒருமுறை முறைத்தார்.
அவர் கையில் சீவிய பென்சில் ஒன்றை வைத்து
"மை திரும்பி வராது" என்றார்.
அவ்வளவுதான்.

வெள்ளீயச் சுரங்கத்தின் கூலிப் பதிவேட்டில்
'சீனன், நான்காவது' என்று ஒரு வரி.
1887இல் மண் சரிந்த வாரத்தோடு
அந்த வரிக்குக் கூலி நிற்கிறது.
நான்காவது ஆளைப் பதினோரு வருடம் தேடினார்.
கிடைத்தது மளிகைக்காரரின் கடன் நோட்டில்:
இஞ்சி, மெழுகுவத்தி, ஒரு ஜோடி பூட்ஸ்.
பாக்கி நான்கு ஷில்லிங்.
லௌ ஸிங் யூன்.

அந்த அசிங்கமான வரியை
அடித்துவிடலாமே என்றேன்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"அடித்துவிட்டால்,
ஒருவரும் அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது
எப்படித் தெரியும்?"

ஓரத்தில், பென்சிலில், பெயரை எழுதினார்.
தேதி போட்டார். இனிஷியல் போட்டார்.
அந்த வார உண்டியலில் நாற்பது சென்ட் இருந்தது,
நான்கு ஷில்லிங்கின் இன்றைய கணக்கு.
யார் போட்டது என்று
நான் பதியவில்லை.

இரண்டாவது அலமாரியில்
வெறும் கொக்கி ஒன்று தொங்கும்.
கிளிஞ்சல் மாலை இருந்த இடம்.
கோத்தவளின் வம்சத்தார் எங்கே என்று விசாரித்து,
மூன்று மணிநேரம் காரோட்டிப் போய்
கையில் கொடுத்துவிட்டு வந்தார்.
கமிட்டி கூச்சல் போட்டது. நானும்தான்.
எண் 212 இன்னும் அங்கேயே இருக்கிறது,
கீழே அட்டையில் மூன்று சொல்:
வீடு போய்ச் சேர்ந்தது.

ஆக, இப்படிப்பட்டவருக்கு
இப்படி ஒரு பலகை.

விருந்து முடிந்து, துணியை விலக்கி,
கைதட்டல் பாதியில் தேய்ந்தது.
என் காது கொதித்தது.
லான்செஸ்டனில் புதிதாக வெட்டித் தருவார்கள்,
அறுபது டாலர், இரண்டு வாரம் என்று
ஏதேதோ உளறினேன்.

அவெரில் பலகையைப் புரட்டிப் பார்த்தார்.
கைப்பையிலிருந்து அளவு நாடா எடுத்தார்.
பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி
கேக் தட்டுகளை ஒதுக்கி
அங்கேயே எழுதினார்:

எண் 4096. பித்தளைப் பலகை.
நிலை: நன்று.
பெயரில் ஓரெழுத்துப் பிழை. திருத்தப்படவில்லை.
குறிப்பு: எழுத்துச் சொன்னவர்
அன்று மருத்துவமனை வராந்தாவில் நின்றிருந்தார்.
மனைவி அறுவைச் சிகிச்சையில் இருந்தார்.

நான் இதை
யாரிடமும் சொன்னதில்லை.
எப்படித் தெரிந்தது என்று கேட்கவுமில்லை.
ஆதாரம் இல்லாமல் எழுதுகிறவர் அல்ல.

பலகை இப்போது
ஏழாம் எண் வாளிக்கு மேலே.
காலி இடம் அதுதான் இருந்ததாம்.
நேற்று எல்லோரும் போனபின்
பேனாவை டப்பாவில் போட்டேன்,
பென்சிலைச் சீவினேன்,
பலகையை ஒட்டிச் சுவரில்
சின்னதாக ஒரு 'க' எழுதினேன்.

தேதி போட்டேன்.
இனிஷியல் போட்டேன்.
மழை பிடித்துக்கொண்டது.